ரிலீஸ் பட்டனை அழுத்துங்க, ரூத்...

கீக்... கீக்... கீக்...

கடைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம்.

மாமல்லபுரத்தில் அந்தச் சந்தின் நாலு கடைகளுக்கும் சொந்தக்காரரான தீனதயாளன் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பெஞ்சமினு... யோவ் பெஞ்சமினு. இன்னாய்யா சத்தம் அது? காது கிழியுது."

ஷட்டரைத் தட்டிப் பார்த்தார்.

கீக்... கீக்...

குனிந்து உள்ளே நுழைந்தார். கவுண்ட்டர் மேல் சார்ஜ் தீர்ந்து கத்திக்கொண்டிருந்தது, கார்டு தேய்க்கும் மெஷின். தரையில் ஒரு லைட் ஸ்டாண்டு உருண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில்...

தீனதயாளன் போட்ட அலறலில், எதிர்க்கடையில் பிள்ளையார் செதுக்கிக்கொண்டிருந்தவர் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பெஞ்சமின் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கடையின் பின்கதவு திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு. அதற்கும் அப்பால் கடல்.

மெஷின் மட்டும் நடந்தது எதுவும் தெரியாமல் கத்திக்கொண்டே இருந்தது.

*

மத்தியானத்துக்குள் கொலைகாரி கிடைத்துவிட்டாள்.

அப்படித்தான் ஊர் சொன்னது. ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடும். கேஸை எழுதவேண்டியவள் இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி.

அவள் எதிரே நின்ற பெண்ணின் பெயர் சாராள். வயது இருபத்தேழு. கேளம்பாக்கத்தில் ஒற்றை ரூமில் குடியிருப்பு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே புருஷன் கம்பி நீட்டிவிட்டான். அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம்.

செத்துப்போன பெஞ்சமின், கேமரா, ட்ரோன், லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். கல்யாண ஜோடிகளைக் கடலோரத்தில் ஓடவிட்டுப் படம் பிடிக்கிற அத்தனை பேரும் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். சாராளும் நின்றாள். முந்தாநாள் ட்ரோன் ஒன்றை எடுத்துப் போனாள். நேற்றுச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வந்தவள், கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறாள்.

"என்ன சொல்லி கத்துன?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

சாராள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பணத்த விடலன்னா உன்ன கடல்ல தள்ளிட்டுதான் வூட்டுக்குப் போவேன்னு சொன்னேன் மேடம்."

"தள்ளுனியா?"

"அந்தாளு எடை இன்னா, என் எடை இன்னா... நான் எங்க மேடம் தள்றது?"

பக்கத்தில் நின்ற ஏட்டு அப்பாசாமி குறுக்கே புகுந்தார். ரிட்டையர் ஆக ஒரு வருஷம் பாக்கி இருக்கும் மனிதர். வாய்க்கு மட்டும் ரிட்டையர்மெண்ட் கிடையாது.

"மண்டையில போடறதுக்கு எடை எதுக்கும்மா? லைட் ஸ்டாண்டு இருந்தா போதும்."

"ஏட்டய்யா, கொஞ்சம் சும்மா இருங்க. சாராள், எவ்ளோ பணம்?"

"எம்பத்தஞ்சாயிரம்."

"கடன் குடுத்திருந்தியா?"

"கடன் இல்ல மேடம், ஹோல்டு. ட்ரோனு வெலை ஜாஸ்தி. தூக்கிகினு ஓடிட்டா இன்னா பண்றதுன்னு, கார்டை தேய்ச்சு ஒரு தொகைய நிறுத்தி வைப்பாரு. வாடகை தனி. அத அப்பவே குடுத்துட்டேன். இந்தப் பணம் நம்ம அக்கவுண்ட்லயேதான் இருக்கும், ஆனா தொட முடியாது. பொருள திருப்பி குடுத்தா, பாத்துட்டு விட்ருவாரு."

"விட வேண்டியதுதானே?"

"எறக்கைல ஒரு கீறல். சர்வீஸ்ல காட்டிட்டுதான் விடுவேன்னாரு. அந்த கீறல் எனக்கு முன்னாடி எடுத்தவன் போட்டது மேடம். சொன்னா கேக்கல."

"கிரெடிட் கார்டு வச்சிருந்தா இந்தத் தொல்லை இல்லியே?"

"எனக்கு யாரு குடுப்பா? டெபிட் கார்டுதான். அதுல இருந்ததே அவ்ளோதான். நேத்து புது வூட்டுக்கு அட்வான்ஸ் கட்டற நாளு. கட்டலன்னா அது போயிடும். இருக்கற வூட்டையும் நாளன்னிக்கு காலி பண்ணணும். கைப்புள்ளய வச்சிகினு எங்க மேடம் போவேன்? அதான் கத்திட்டேன்."

ஜோதிலட்சுமி அவளையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு கணக்காகத் தங்கள் மேலேயே காரணத்தை எடுத்துப் போட்டுக்கொள்வார்களா?

"ராத்திரி திரும்பவும் கடைக்கு வந்திருக்க. எதிர்க்கடை கேமராவுல உன் மூஞ்சி தெளிவா இருக்கு. எதுக்கு வந்த?"

"கால்ல வுழுந்தாவது கேக்கலாம்னுதான். ஷட்டரு பாதி எறங்கி கெடந்துச்சு. உள்ள ரெண்டு ஆம்பளைங்க சண்டை போட்டுகினு இருந்தாங்க. ஒரு கொரலு அவருது. இன்னொன்னு தெரியல. பயந்துகினு திரும்பிட்டேன்."

அப்பாசாமி ஜோதிலட்சுமியின் காதருகே குனிந்தார்.

"கேமராவுல வேற ஆம்பளை யாரும் இல்ல மேடம். இந்தப் பொண்ணு மட்டும்தான் வருது, போவுது."

"பின்கதவுப் பக்கம் கேமரா இருக்கா?"

"சவுக்குத் தோப்புல யாரு மேடம் கேமரா வைப்பா?"

அப்போது போன் அடித்தது. டி.எஸ்.பி.

"என்னம்மா, இன்னும் யோசனை? மோட்டிவ் இருக்கு, கேமரா இருக்கு, மிரட்டுனதுக்கு சாட்சி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள செங்கல்பட்டுல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திடுங்க."

"சார், இன்னும் ஒரு பாயிண்ட் மட்டும்..."

"சாயங்காலம்."

லைன் துண்டித்துப் போனது.

வாசலில் ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம். சாராளின் பக்கத்து வீட்டு முனியம்மா, அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பவுடரு பால கலக்கி குடுத்தேம்மா. துப்பிடுச்சு. காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பெத்தவகிட்ட ஒரு வாய் குடிக்க வுடுங்கம்மா, புண்ணியமா போவும்."

ஜோதிலட்சுமி பின்னறையைக் காட்டினாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாராள் பால் கொடுத்தாள். அழுகை நின்றது. திரும்பாமலேயே கேட்டாள்.

"மேடம்... என்ன உள்ள வச்சிட்டா இவன் எங்க இருப்பான்?"

ஜோதிலட்சுமிக்குச் சட்டம் தெரியும். கைக்குழந்தையைத் தாயோடு சிறைக்கே அனுப்பலாம் என்பதும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

*

வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து கும்பிட்டான்.

ஜெபசிங். பெஞ்சமினின் தம்பி. மறைமலைநகரில் வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அவன் கொடுத்த புகாரில்தான் கேஸே ஓடிக்கொண்டிருந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அந்தப் பொண்ண விட்டுடாதீங்க மேடம். கொழந்தைய காட்டி தப்பிக்கப் பாக்கறா."

"உங்க அண்ணனுக்கு வேற யாரோடயாவது தகராறு உண்டா?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? நானும் அவரும் பேசியே ரெண்டு வருஷம் ஆவுது. அப்பா நெலத்துல பங்கு சண்டை. இந்தக் கடை வாசப்படியக்கூட நான் மிதிச்சதில்ல. இப்ப இன்னா... மூஞ்சிய கடைசியா பாக்கறதுக்கு வந்து நிக்கறேன்."

கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். ஜீப் டிரைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி எங்க இருக்காங்க?"

"வூட்டுலதான். திருக்கழுக்குன்றத்துல டீச்சரா இருக்காங்க. ஏதோ டிரெய்னிங்னு திருச்சி போயிருந்தவங்க காத்தாலதான் வந்து எறங்குனாங்க."

அவன் போனதும் அப்பாசாமி மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், எனக்கு ஒரு டவுட்டு. கடை ஓனரு தீனதயாளன். அந்த எடத்த ஓட்டல்காரன் ஒருத்தனுக்கு டபுள் வாடகைக்கு பேசி வச்சிட்டாராம். பெஞ்சமினு காலி பண்ணமாட்டேன்னு ஒரே புடியா நின்னுகினு இருந்திருக்கான். பொணத்த மொதல்ல பாத்ததும் அவருதான்."

"அவரை விசாரிச்சீங்களா?"

"வாடகை வாங்கறதோட சரி, அவன்கிட்ட எனக்கு வேற ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லைங்கறாரு. சொல்லும்போது வேர்த்து கொட்டுச்சு."

"பெஞ்சமின் மொபைல்?"

"காணோம். யாரு எந்தப் பொருள எடுத்தாலும், பொருளோட அவங்கள நிக்க வச்சு அதுலதான் போட்டோ புடிச்சு வைப்பானாம். கடல்ல போயிருக்கும்."

ஜோதிலட்சுமி மேஜையைப் பார்த்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்கு நடுவே அந்த மெஷின் கிடந்தது.

"ஏட்டய்யா... மொபைல்ல இருக்கறது பெஞ்சமின் எடுத்த போட்டோ. ஹோல்டு எதுல இருக்கும்?"

அப்பாசாமி விழித்தார்.

"அந்த மெஷினை சார்ஜுல போடுங்க."

*

மெஷின் உயிர் பெற்றது. ஜோதிலட்சுமி பட்டன்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

நிலுவையில் உள்ள ஹோல்டுகள்: இரண்டு.

ஒன்று எண்பத்தைந்தாயிரம். சாராளின் கார்டு.

இன்னொன்று எழுபதாயிரம். ஒரு வாரத்துக்கு முன் போட்டது. கார்டின் கடைசி நாலு நம்பர் மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

உடனே பேங்க் மேனேஜர் ராஜாராமுக்குப் போன் போட்டாள்.

"சார், இந்த நாலு நம்பரை வச்சு ஆள் பேரைச் சொல்ல முடியுமா?"

"அது வேற பேங்க் கார்டு மேடம். நீங்க லெட்டர் குடுத்து, நாங்க ஹெட் ஆபீசுக்கு அனுப்பி, அவங்க அந்த பேங்க்கை கேட்டு... திங்கட்கிழமை சாயங்காலம் ஆயிடும்."

"எனக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"ரூல்ஸ் மேடம். என் கையில ஒண்ணும் இல்ல."

"சரி, இதையாவது சொல்லுங்க. ஹோல்டு போட்டா பணம் கடைக்காரன் கைக்குப் போயிடுமா?"

"போகாது. பணம் வாடிக்கையாளர் அக்கவுண்ட்லயேதான் இருக்கும். ஆனா முடக்கி வச்சிருப்போம். கடைக்காரர் கேட்டா எடுத்துக் குடுப்போம். வேணாம்னு சொன்னா விட்டுடுவோம். ஒண்ணுமே சொல்லாம இருந்தாலும் பத்து நாள் கெடு முடிஞ்சா தானா விடுபட்டுடும். நிறைய பேருக்கு இது புரியறதில்ல மேடம். டெபிட் கார்டுல பேலன்ஸ் கொறைஞ்சு தெரியுமா... பணம் போயிடுச்சுன்னு வந்து கவுண்ட்டர்ல கத்துவாங்க."

ஜோதிலட்சுமி மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விட்டா, அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"உடனே மொபைலுக்கு மெசேஜ் போயிடும்."

"எவ்ளோ நேரத்துல?"

"நீங்க கையை எடுக்கறதுக்குள்ள."

"விட்டுட்டா, அப்புறம் ரெக்கார்டு அழிஞ்சிடுமா?"

"ஒண்ணும் அழியாது. எல்லாம் சர்வர்ல இருக்கும். ஆனா விடறதுக்கு அந்த மெஷினோட ரகசிய நம்பர் வேணும். கடைக்காரர்தான் செத்துட்டாரே?"

"பொண்டாட்டி இருக்காங்க சார்."

போனை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தாள்.

"ஏட்டய்யா, சாராள் மொபைலை எடுத்துக்குங்க. சாவு வீட்டுக்குப் போறோம். தீனதயாளனையும் அங்க வரச் சொல்லுங்க."

*

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஹாலில் ரூத் தரையில் உட்கார்ந்திருந்தாள். திருச்சியிலிருந்து கட்டி வந்த புடவையைக்கூட மாற்றவில்லை. ஜெபசிங் அவளுக்குக் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு வாயாவது குடிங்க அண்ணி."

"வேணாம் தம்பி."

தீனதயாளன் கதவோரம் நின்றார். கழுத்துத் துண்டு ஈரமாகியிருந்தது.

ஜோதிலட்சுமி மெஷினை ரூத்தின் எதிரில் வைத்தாள். அவளுக்கு மட்டுமின்றி ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் சாராள்ங்கற பொண்ணோட பணத்தை நிறுத்தி வச்சிருந்தார். அதை விடுவிக்கணும். நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

ரூத் நிமிர்ந்தாள்.

"அவரக் கொன்னவளுக்கா?"

"கொன்னாளா இல்லியான்னு எனக்கு இன்னும் தெரியாது. கைக்குழந்தையோட நிக்கறான்னு மட்டும் தெரியும்."

"எதுக்கு மேடம்?" என்றான் ஜெபசிங். "அவளுக்குப் பணம் வேற குடுக்கணுமா?"

"நீங்க பேசாம இருங்க. இது உங்க அண்ணி முடிவு."

ரூத் வெகுநேரம் மெஷினையே பார்த்தாள். பிறகு நாலு எண்களை அழுத்தினாள்.

"எங்க கல்யாண வருஷம்தான்," என்றாள் யாரிடம் என்றில்லாமல். "மறந்துடுவாருன்னு நான்தான் வச்சு குடுத்தேன்."

"ரிலீஸ் பட்டனை அழுத்துங்க, ரூத்."

அழுத்தினாள்.

டிங்...

அப்பாசாமியின் சட்டைப்பையில் இருந்த சாராளின் மொபைல் ஒலித்தது. எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். மேனேஜர் சொன்னது சரி. உண்மையாகவே கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் ஜோதிலட்சுமி. "எழுபதாயிரம். யாருன்னு தெரியல. அவங்களும் பாவம், பணம் மாட்டிக்கிட்டு இருக்கும். அதையும் விட்டுடுங்க."

அப்பாசாமி மெதுவாக நகர்ந்து தீனதயாளனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ரூத்தின் விரல் பட்டன் மேல் இறங்கியது.

ஒரு நொடி...

தீனதயாளனின் இடுப்பில் மொபைல் அலறியது.

அவர் துள்ளிக் குதித்தார். அப்பாசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க ஓனரே. எங்களுக்கும் காட்டுங்க."

"அய்ய, வுடுய்யா. போனுதான் வருது. என் பொண்டாட்டிய்யா." வியர்வை வழியும் முகத்தோடு ஸ்பீக்கரைப் போட்டார்.

"இன்னாங்க," என்றது ஒரு பெண் குரல். "ஓட்டல்காரரு வந்து குந்திகினு இருக்காரு. கடைதான் இப்ப காலியாச்சே, சாவி எப்ப தருவாருன்னு கேக்கறாரு."

ஹால் முழுக்க அந்தக் குரல் கேட்டது. தீனதயாளன் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் வேர்த்ததற்கான காரணம் அதுதான். அசிங்கம்தான், ஆனால் கொலை இல்லை.

அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் கேட்டது.

டிங்...

ரூத்துக்கு மிக அருகிலிருந்து.

காப்பி டம்ளரைப் பிடித்திருந்த கை பாக்கெட்டுக்குத் தாவியது. காப்பி சட்டையில் சிந்தியது.

ஜோதிலட்சுமி கையை நீட்டினாள்.

"குடுங்க ஜெபசிங்."

"ரீசார்ஜு மெசேஜு மேடம். கம்பெனிக்காரன் அனுப்பிகினே இருப்பான்..."

"குடுங்க."

அவன் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டான். அப்பாசாமி அவன் விரலைப் பிரித்து மொபைலை எடுத்துப் படித்தார். நிறுத்தி வைத்த எழுபதாயிரம் ரூபாய் விடுவிக்கப்பட்டதாக மெசேஜ் இருந்தது. கீழே பெஞ்சமின் கடையின் பெயர்.

"ரெண்டு வருஷமா வாசப்படியே மிதிக்கலன்னியேப்பா," என்றார். "கார்டு மட்டும் தனியா நடந்து வந்துச்சா?"

ரூத் மெல்ல எழுந்தாள்.

"தம்பி... நீ எப்ப அவர பாத்த?"

ஜெபசிங் சுவரில் சாய்ந்தான். ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

*

"போன வாரம்தான் அண்ணி. நானேதான் தேடிகினு வந்தேன்."

ஜெபசிங் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"லீவு நாளுல போட்டோ எடுக்கற வேலை புடிச்சேன். பெரிய கேமரா வேணும். கௌரவம் பாக்காம அண்ணன்கிட்ட வந்தேன். கட்டிப்புடிச்சாரு. அழுதாரு. அண்ணிகிட்ட இப்ப சொல்லாத, ஊர்லேர்ந்து வந்ததும் நானே உன்ன கூட்டிகினு போய் நிறுத்தறேன்னாரு. அப்புறம்... கார்டு குடுன்னாரு."

"ஹோல்டு போட்டாரா?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

"எழுபதாயிரம். கூடப் பொறந்தவன்கிட்ட இன்னா கார்டுன்னு கேட்டேன். இது கடை ரூலு, எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்னாரு. தேய்ச்சாரு. பேலன்ஸு கொறைஞ்சிடுச்சுன்னு மெசேஜு வந்துச்சு."

"அதுக்காகவா கொன்ன?"

"அந்தப் பணம் கார் டியூ மேடம். ஏற்கனவே பாக்கி வச்சு, மொத்தமா கட்டறதுக்கு சேத்து வச்சது. பைனான்ஸ்காரன் டியூ எடுக்கப் போனா அக்கவுண்ட்ல பணமில்ல. நேத்து மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரேன், கம்பெனி பஸ்ஸுல அத்தனை பேரும் உக்காந்துகினு பாக்கறாங்க, பைனான்ஸ்காரன் என் வண்டிய கட்டி இழுத்துகினு போறான். ஒருத்தன் போட்டோ எடுக்கறான்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"வண்டியோட போன கேமராவ சாயங்காலம் பைனான்ஸ்காரன்கிட்ட போய் வாங்கி வந்தேன். ராத்திரி, யாரும் பாக்கக் கூடாதுன்னு தோப்பு வழியா கடைக்குப் போனேன். கேமரா இந்தா, பணத்த குடுன்னேன். உன் பணம் என்கிட்ட இல்லடான்னாரு. பேங்க்லதான் கீது, கேமராவ செக் பண்ணிட்டு விட்டுடறேன்னாரு. மெசேஜ காட்டி, பணம் போயிடுச்சே, இன்னா கதை வுடறன்னு கேட்டேன். சிரிச்சாரு மேடம். பேங்க்லதான் கீதுடா பைத்தியக்காரான்னு சிரிச்சாரு. அப்பா நெலத்துலயும் ஏமாத்துன, இதுலயுமா ஏமாத்தறன்னு... கைல ஸ்டாண்டு கெடச்சுது."

தன் போட்டோ இருந்த பெஞ்சமினின் மொபைலைக் கடலில் வீசியதையும் சொன்னான். வாசலில் யாரோ ஒருவர் விசும்பினார்.

"அவர் ஏமாத்தல," என்றாள் ஜோதிலட்சுமி. கோபமாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள், முடியவில்லை. "உங்க பணம் உங்க அக்கவுண்ட்டை விட்டு எங்கயும் போகல. அவர் கைக்கு ஒரு ரூபா வரல. நீங்க பேசாம இருந்திருந்தாலும் இன்னும் ரெண்டு மூணு நாள்ல தானா விடுபட்டிருக்கும்."

ஜெபசிங் அவளையே பார்த்தான். புரிய நேரமானது. புரிந்ததும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

ரூத் மெஷினைக் கையில் எடுத்தாள். எதையோ தேடினாள். தேடியதைப் பார்த்ததும் திரையை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"சாராள் எடுத்ததுக்கு வாடகைன்னு தனியா ஒரு வரி கீது. உனக்கு அந்த வரியே இல்ல. அஞ்சு நாளைக்கு மேல அந்தக் கேமராவ வச்சிருந்த. உன்கிட்ட அவரு வாடகையே வாங்கல."

"அண்ணி..."

"அப்படி கூப்பிடாத."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்ட அழுகையை, ஷாமியானாவில் இருந்தவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

சாயங்காலம் டி.எஸ்.பி. மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணை நிறுத்தியாச்சா?"

"கொலைகாரனைக் கூட்டிக்கிட்டுப் போறோம் சார். பொண்ணு இல்ல, தம்பி."

"குட்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் முனியம்மா ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். சாராள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை தூங்கிவிட்டிருந்தது.

ஜோதிலட்சுமி அவள் மொபைலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பணம் விட்டாச்சு. புது வீட்டு ஓனருக்குப் போன் பண்ணி, நாளைக்குக் காலையில கட்டறேன்னு சொல்லு. அதுக்குள்ள வேற யாருக்காவது விடறேன்னா என்கிட்ட குடு, நான் பேசறேன்."

சாராளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் முழுக்கக் கொலைகாரியாக நின்றவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்துவிடாது. தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். ஜோதிலட்சுமி அந்த ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பசி தெரிந்தது.

ஜீப் செங்கல்பட்டை நோக்கிப் புறப்பட்டது.

பின்னால் விலங்கோடு உட்கார்ந்திருந்த ஜெபசிங், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. மலைக்கோயில் விளக்குகள் பின்னால் போனதும் அப்பாசாமியின் பக்கம் திரும்பினான்.

"ஏட்டய்யா... அந்த எழுபதாயிரம் இப்ப என் அக்கவுண்ட்லதான் இருக்குமா?"

"ஏன்?"

"வக்கீலு வைக்கணும். அவரும் மொதல்ல அந்த மாதிரி நிறுத்தி வச்சுதான் வேலைய ஆரம்பிப்பாரா?"

அப்பாசாமி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலப்படாத தம்பி. வக்கீலு ஹோல்டெல்லாம் போடமாட்டாரு... நேரா எடுத்துப்பாரு."